ஆள் ஏத்தின பிறகு இறுகும் ஸ்டீரிங்

அந்தப் பஸ்ஸின் கதை வொர்க்‌ஷாப்பில் வேறு மாதிரி ஓடிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். நான் போய் நின்றதும் கோளாறைச் சட்டென்று பிடித்துவிட்டேனாம். அப்படி நடக்கவில்லை. அந்தப் பஸ் விஷயத்தில் நான் மூன்று தடவை தவறு செய்தேன். மூன்றாவது தவறு ஒரு பெண்ணின் வேலையைப் பறிக்கும் அளவுக்குப் போனது. நான் ஓய்வு பெற்றாயிற்று, இனி மறைத்து வைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் அதை நடந்தபடியே தெரிந்துகொள்வது நல்லது.

கூலாய் ஊரில், நடக்க முடியாத பெரியவர்களைப் பகல் நேரத்தில் பார்த்துக்கொள்ளும் நிலையம் ஒன்று இருந்தது. காலையில் வீடு வீடாகப் போய் அவர்களை அழைத்து வந்து மாலையில் திரும்பக் கொண்டுபோய் விடுவதற்கு ஒரு பஸ் வைத்திருந்தார்கள். பழைய பஸ். முன்பு செனாய் பக்கம் தொழிற்சாலை ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடியது. நிலையத்தார் அதை வாங்கி, பின்பாதி இருக்கைகளைக் கழற்றிவிட்டு, ஆறு சக்கர நாற்காலிகளைத் தரையோடு பூட்டி வைக்க இடம் செய்தார்கள். பின்பக்கக் கதவில் ஒரு லிஃப்டும் வைத்தார்கள். நாற்காலியோடு ஆளை அப்படியே தூக்கி உள்ளே விடும் இரும்புத் தட்டு அது. அந்த மாற்று வேலையெல்லாம் வேறு ஊர்ப் பட்டறை ஒன்றில் நடந்தது. எங்களிடம் வழக்கமான பராமரிப்புக்குத்தான் வரும்.

ஓட்டுநர் பரிமளம். ஐம்பதை நெருங்கிய வயது, மெலிந்த உடம்பு. அந்தப் பஸ் தொழிற்சாலைக்கு ஓடிய காலத்திலும் அவர்தான் அதை ஓட்டியவர். பஸ் கைமாறியபோது நிலையத்தார் அவரையும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அதாவது அந்த ஸ்டீரிங்கை மாற்று வேலைக்கு முன்னும் பின்னும் பிடித்த ஒரே ஆள் அவர். இதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

முதல் தடவை வந்தபோது அவர் என்னிடம் சொன்னது எனக்கு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது.

"அண்ணே, காலைல, ஆள் ஏத்தின பிறகு, சில நாளு ஸ்டேரிங் இறுகிப்போகுது. மெதுவா வளைக்கிற இடத்துலதான். பெறகு அதுவா சரியாயிடுது."

இதற்கு மேல் ஓர் ஓட்டுநர் என்ன சொல்ல முடியும்? எல்லாமே அந்தப் பேச்சில் இருந்தது. நான்தான் அதை எனக்குத் தெரிந்த பாஷையில் மாற்றிக் கேட்டுக்கொண்டேன். 'காலைல' என்றதை எண்ணெய் குளிர்ந்து கிடப்பதாக எடுத்துக்கொண்டேன். 'ஆள் ஏத்தின பிறகு' என்றதை முன்சக்கரத்தில் பாரம் கூடுவதாக எடுத்துக்கொண்டேன். பெல்ட்டை இழுத்துக் கட்டினேன், எண்ணெயை மாற்றினேன், குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினேன், டயர்க் காற்றையும் சரிபார்த்தேன். ஓட்டிப் பார்த்தால் ஒரே விரலில் திரும்பியது. அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரத்தில் மறுபடியும் வந்தார். அதே பேச்சு. இந்தத் தடவை பம்ப்பைக் கழற்றிப் புதுப்பித்துப் போட்டேன். அப்போது, பம்ப்பிலிருந்து வரும் குழாய் ஒரு வால்வுக்குப் போய், அங்கிருந்து ஒரு கிளை பின்பக்கம் ஓடுவதைப் பார்த்தேன். லிஃப்டுக்குத் தனியாகப் பம்ப் வைக்காமல் ஸ்டீரிங் பம்ப்பிலிருந்தே எண்ணெய் எடுத்திருக்கிறார்கள் என்பது புரிந்தது. வால்வில் ஒரு நெம்புகோல். அதை ஒரு பக்கம் தள்ளினால் எண்ணெய் லிஃப்டுக்குப் போகும், மறுபக்கம் தள்ளினால் ஸ்டீரிங்குக்குப் போகும். "லிஃப்டு நல்லா வேலை செய்யுதா?" என்று கேட்டேன். "அதுல ஒன்னும் இல்லண்ணே" என்றார் பரிமளம். அதோடு அதை மறந்துவிட்டேன். ஒழுங்காக வேலை செய்யும் ஒன்றை எதற்காகத் தொட வேண்டும் என்பது என் எண்ணம்.

மூன்றாவது தடவை அவர் வந்தபோது எனக்குப் பொறுமை இல்லை. அந்த வாரம் வொர்க்‌ஷாப்பில் நான்கு லோரிகள் வரிசையில் நின்றன. நானே பஸ்ஸை எடுத்துக்கொண்டு செனாய் வரை போய்த் திரும்பினேன். வழியில் எத்தனை வளைவு உண்டோ அத்தனையிலும் மெதுவாக வளைத்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அன்று மதியம் நிலையத்தின் செயலாளர் சிவபாதம் ஃபோன் செய்தார். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், எதையும் அளந்து பேசுகிறவர்.

"மிஸ்டர் வேலு, ஒரே குறைக்கு மூன்று தரம் அனுப்பிப்போட்டம். என்னதான் பிழை?"

அப்போது நான் சொன்னது இது: "பஸ்ஸுல ஒன்னும் இல்ல சார். நானே ஓட்டிப் பார்த்துட்டேன். பெரிய பஸ்ஸு, அந்த அம்மா கைக்கு அது கொஞ்சம் பாரமா இருக்கலாம்."

"விளங்குது" என்று மட்டும் சொல்லி அவர் ஃபோனை வைத்தார்.

ஒரு வாக்கியம்தான். ஒரு கோளாறைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக அதைத் தூக்கி இன்னொருவர் தலையில் வைத்துவிட்டேன். அடுத்த வாரமே நிலையத்தார் வேறு ஓட்டுநரைத் தேடத் தொடங்கினார்கள் என்பதும், மாதக் கடைசியோடு பரிமளத்தை நிறுத்துவதாக முடிவு செய்தார்கள் என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அந்த மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தபோது, காலை பத்து மணிக்கு முன்னால் பரிமளத்திடமிருந்து ஃபோன் வந்தது.

"அண்ணே, பஸ்ஸு கல்லு மேல ஏறிடுச்சு. ஆளுங்களுக்கு ஒன்னும் இல்ல. நீங்க வாங்க."

குரலில் அழுகை இல்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கியது.

நான் போனபோது, பஸ் புலாத்தானின் வெளி ஓரத்தில் நின்றது. சாலை வட்டத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். முன்சக்கரம் ஓரக் கல்லில் ஏறியிருந்தது. சக்கரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு முழம் புல். அதற்கப்பால் ஆள் உயர ஆழத்தில் லோங்காங். மழை பெய்து, அந்தக் கால்வாயில் தண்ணீர் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஆறு பேர் நாற்காலியோடு தரையில் பூட்டப்பட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரால்கூடத் தானாக எழுந்து வெளியே வர முடியாது. பஸ் அந்த முழத்தைத் தாண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

பரிமளம் சாலை ஓரத்தில் நின்றார்.

"வட்டத்துல வளைச்சேன், பாதியில இறுகிடுச்சு. எழுந்து நின்னு இழுத்தேன், வரல. பிரேக்க மிதிச்சேன். எஞ்சின அடைச்சுட்டு ஒங்களுக்கு ஃபோன் அடிச்சேன்."

நான் ஏறி எஞ்சினைக் கிளப்பினேன். ஸ்டீரிங்கைத் திருப்பினேன். வெண்ணெய் மாதிரி திரும்பியது. பின்னால் எடுத்து, கல்லிலிருந்து இறக்கி, எதிரே இருந்த கடைவரிசைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். ஓர் இடத்திலும் இறுகவில்லை.

அந்த நேரத்தில் சிவபாதம் ஃபோன் செய்தார். "ஒருவருக்கும் காயம் இல்லைதானே? அதுகள் வெயிலுக்குள்ள இருக்குதுகள், ஒரு ஆளுக்குப் பத்தரைக்கு மருந்து குடுக்கவேணும். நீங்களே ஓட்டிக்கொண்டு வந்து விட ஏலாதா?"

நீங்கள் என் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். உள்ளே ஆறு பேர் வியர்த்துக் கொட்டிக்கொண்டு இருக்கிறார்கள். நிலையம் நான்கே கிலோமீட்டர். ஸ்டீரிங் என் கையில் இலேசாக இருக்கிறது. வண்டியில் ஒன்றுமில்லை என்று ஏற்கெனவே வாயால் சொன்னவன் நான். இப்போது ஓட்டிக்கொண்டு போய்விட்டால் நான் சொன்னதுதான் சரி என்றாகிவிடும். அந்த ஆசை எனக்கு வந்தது. 'ஏலும் சார்' என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"பொரேமன், ஒரு நிமிஷம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. மெக்கானிக்கை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

கடைசி நாற்காலியில் லிஃப்டுக்குப் பக்கத்தில் இருந்தவர் தங்கராஜு. தோட்டத்தில் செம்பனைக் குலைகளை இரும்புக் கையால் அள்ளிப் போடும் டிராக்டரை இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியவர். சர்க்கரை வியாதியால் இரண்டு கால்களையும் எடுத்துவிட்டார்கள். கனத்த ஆள், அவருடைய நாற்காலியும் மோட்டார் வைத்த கனமான நாற்காலி. அந்த மூன்று தடவையும் பஸ் என்னிடம் வந்தபோது அவர் அதில் இல்லை. இருந்திருக்க முடியாது, வொர்க்‌ஷாப்புக்குக் காலிப் பஸ்தானே வரும்.

"வண்டிய எடுக்காதீங்க. மொதல்ல என்னைய லிஃப்டுல எறக்கி, திரும்ப ஏத்துங்க. எஞ்சின அடைக்காம ஸ்டேரிங்க புடிச்சுப் பாருங்க."

"ஏன்?"

"லிஃப்ட மடிச்ச பெறகும் சில நாளு என் காதுகிட்ட எண்ணெ சீறிக்கிட்டே இருக்கும். மூடாத குழாய் மாதிரி. அந்தச் சத்தம் கேட்ட நாளெல்லாம் பரிமளம் ஸ்டேரிங்கோட மல்லுக்கட்டும். கேக்காத நாளு ஒன்னும் இருக்காது. இன்னிக்குக் கேட்டுச்சு."

நான் சிவபாதத்திடம், "பத்து நிமிஷம் குடுங்க சார்" என்று சொல்லி ஃபோனை வைத்தேன்.

பரிமளம் லிஃப்டை இயக்கினார். தங்கராஜு கீழே இறங்கினார், மறுபடி மேலே ஏறினார். பரிமளம் தட்டை மடித்து, நெம்புகோலை ஸ்டீரிங் பக்கம் தள்ளினார். அவர் தள்ளியது சரியாக, முழுதாகத் தள்ளியதுதான். நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். முன்னால் போய் ஸ்டீரிங்கைப் பிடித்தேன். இலேசாகத் திரும்பியது.

"இன்னொரு தடவ" என்றார் தங்கராஜு.

இரண்டாவது தடவை தட்டை மடித்ததும் அந்தச் சீறல் எனக்கே கேட்டது. மெல்லிய சத்தம்தான், ஓட்டுநர் இருக்கைக்குக் கேட்காது. போய் ஸ்டீரிங்கைப் பிடித்தேன். கல் மாதிரி இருந்தது. இரண்டு கையாலும் இழுத்தேன். காலை ஊன்றி, உடம்பைச் சாய்த்து இழுத்தேன். கால் சுற்றுக்கூட வரவில்லை. எனக்கு அப்போது எண்பது கிலோவுக்குக் குறையாத உடம்பு. அந்த அம்மாவின் கைக்குப் பலம் போதாது என்று சொன்ன வாய் அதே உடம்பில்தான் இருந்தது.

பரிமளம் ஏறி வந்து பக்கத்தில் நின்றார். நான் இழுப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எஞ்சினை அணைத்து மறுபடி கிளப்பினேன். இலேசாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் நான் பார்க்கும்போது நன்றாக இருந்தது ஏன் என்பது அப்போதுதான் விளங்கியது. அன்றைக்கு எனக்கு ஃபோன் அடிக்கும் முன் பரிமளம் எஞ்சினை அணைத்துவிட்டார். வொர்க்‌ஷாப்பிலோ யாரும் லிஃப்டைத் தொடுவதில்லை. மாலையில் ஏன் வருவதில்லை என்பதும் விளங்கியது. மாலையில் நிலையத்தில் எல்லாரையும் ஏற்றியதும் எஞ்சினை அணைத்து, பெயர் சரிபார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்கள்; வழியில் லிஃப்டு ஆளை இறக்குவதோடு சரி. காலையில் கடைசியாக ஏறுகிறவர் தங்கராஜு, அவரைத் தூக்கிய பிறகு வரும் முதல் மெதுவான வளைவு அந்தச் சாலை வட்டம். 'காலைல, ஆள் ஏத்தின பிறகு, மெதுவா வளைக்கிற இடத்துல.' பரிமளம் முதல் நாளே சொன்னதுதான்.

அந்தப் பஸ்ஸில் அவர்களை நகர்த்துவதில்லை என்று முடிவு செய்தேன். சிவபாதத்துக்கு ஃபோன் செய்தேன்.

"சார், இந்தப் பஸ்ஸுல ஆள் ஏத்தி ஓட்டக் கூடாது. வேற வேன் அனுப்புங்க. பஸ்ஸுல குறை இருக்கு. நான் முந்தி சொன்னது தப்பு."

"நல்லா ஓடுது எண்டுதானே முந்தி சொன்னீங்கள்?"

"ஓடும் சார். பெறகு ஓடாது. அதான் பயம்."

அவர் வேன் அனுப்புவதாகச் சொன்னார். பஸ் நின்ற நிலையில் லிஃப்டு ஒழுங்காக வேலை செய்யும் என்பதால் ஆறு பேரையும் இறக்கிக் கடைகளின் நிழலில் வைத்தோம். பக்கத்துக் கோப்பிக் கடையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். நிலையத்து வேன் இரண்டு நடையில் ஐந்து பேரைக் கொண்டுபோனது. மருந்து குடிக்க வேண்டியவருக்குப் பத்தே முக்காலுக்கு மருந்து கிடைத்தது, அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. தங்கராஜுவின் நாற்காலி வேனுக்குள் போகவில்லை. கடைவரிசையில் கட்டில், மேசை விற்கும் தளவாடக் கடை ஒன்று இருந்தது. அவர்கள் லோரியின் பின்பக்கத்தில் சாமான் தூக்கும் தட்டு உண்டு. கடைக்காரரிடம் கேட்டதும் சரி என்றார். தங்கராஜு லோரிக்குள் போனபோது, "சோபா டெலிவரி வருதுன்னு வீட்டுல சொல்லிருங்க" என்றார். பரிமளம் அன்று சிரித்தது அப்போது ஒரு தடவைதான்.

லோரி கிளம்புவதற்கு முன் நான் தங்கராஜுவிடம் கேட்டேன். "ஏன் இத முந்தியே சொல்லல?"

"ஒரு தடவ நிலையத்துல சொன்னேன். பஸ்ஸுன்னா சத்தம் இருக்கும்னாங்க. ஒங்க கிட்ட எப்படிச் சொல்றது? என்னைய ஏத்தி எறக்குறாங்க, அவ்ளோதான். எங்கள யாரு கேக்குறா?" கோபமாகச் சொல்லவில்லை, விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

லிஃப்டுக்குப் போகும் கிளைக் குழாயை அங்கேயே கழற்றி அடைத்துவிட்டு, காலிப் பஸ்ஸை மெதுவாக வொர்க்‌ஷாப்புக்கு ஓட்டி வந்தேன். வால்வைப் பிரித்தபோது உள்ளே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்பு ரப்பர்த் துண்டு இருந்தது. பழைய குழாயின் உட்பூச்சு உரிந்து வந்தது. லிஃப்டு பெரிய பாரத்தைத் தூக்கும்போது எண்ணெயின் வேகத்தில் அது வந்து வால்வின் விளிம்பில் உட்கார்ந்துகொள்ளும். நெம்புகோலை மூடினாலும் உள்ளே முழுதாக மூடாது. பாதி எண்ணெய் பின்பக்கம் போய்த் தொட்டிக்குத் திரும்பிவிடும். எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது மிச்சம் இருப்பதே ஸ்டீரிங்குக்குப் போதும். மெதுவாகச் சுற்றும்போது போதாது. எஞ்சினை அணைத்தால் ஓட்டம் நின்று துண்டு கீழே விழுந்துவிடும்.

துண்டை எடுத்துவிட்டுப் பஸ்ஸைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். நான் அப்படிச் செய்யவில்லை. நாளைக்கு இன்னொரு துண்டு வரும். லிஃப்டுக்குத் தனியாக மின்சாரப் பம்ப்பும் தொட்டியும் வைத்து, ஸ்டீரிங்கின் எண்ணெயை ஸ்டீரிங்குக்கு மட்டும் விட்டேன். ஐந்து நாள் ஆனது. ஆறாம் நாள் தங்கராஜுவை வரச் சொல்லி, அவரையே லிஃப்டில் பத்துத் தடவை ஏற்றி இறக்கி, ஒவ்வொரு தடவையும் ஸ்டீரிங்கை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை திருப்பிப் பார்த்தோம். அவர் ஒவ்வொரு தடவையும் காதைச் சாய்த்துக் கேட்டார்.

ஆனால் பஸ் வேலை முடிந்ததால் என் வேலை முடிந்துவிடவில்லை. புது ஓட்டுநர் முதல் தேதி வருவதாக இருந்தது. நான் நிலையத்துக்குப் போய், சிவபாதத்திடம் பரிமளத்தையும் கூப்பிடச் சொன்னேன். அவர் இல்லாத இடத்தில் சொன்னதை அவர் இருக்கும் இடத்தில் திருப்பி எடுக்க வேண்டும் என்று தோன்றியது.

"சார், இவங்க கைல பலம் இல்லன்னு நான் சொன்னேன். அது தப்பு. எனக்குக் கோளாறு தெரியல, அதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. அன்னிக்கு நானே இழுத்துப் பார்த்தேன், என்னாலயும் முடியல. இவங்க அந்த எடத்துல பிரேக் போடலன்னா ஆறு பேரும் லோங்காங்ல. எழுதித் தரணும்னாலும் தரேன்."

சிவபாதம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "எழுதித் தாங்கோ. கமிட்டிக்குக் காட்டவேணும்" என்றார். பிறகு பரிமளத்தைப் பார்த்து, "நானும் உங்களைக் கூப்பிட்டு ஒரு சொல் கேட்டிருக்கவேணும். புது ஆளை வரவேண்டாம் எண்டு சொல்லிப்போடுறன்" என்றார்.

பரிமளம் அவருக்குத் தலையசைத்தார். என் பக்கம் திரும்பினார். "மூணு தடவ வந்தேன்ணே. ஒரு தடவகூட, எங்க நடக்குது, வந்து ஒக்காந்து பாக்குறேன்னு நீங்க சொல்லல."

"நாளைக்கு வரேன்" என்றேன்.

அதனால்தான், வேலை நேரத்தில் உங்களிடம் யாராவது வந்து இப்படி ஒரு குறையைச் சொன்னால், வண்டி நன்றாக இருக்கும் நேரத்தில் பார்த்துவிட்டுப் பதில் சொல்லாதீர்கள் என்று சொல்கிறேன். அவர்களோடு ஏறிப் போங்கள். ஓட்டுகிறவரைக் கேளுங்கள், பின்னால் உட்கார்ந்திருப்பவரையும் கேளுங்கள். பழைய வண்டியில் யாரோ எதையோ சேர்த்திருந்தால், சேர்த்ததை முதலில் பாருங்கள். கோளாறு தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்றே சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லால் யாருக்கும் வேலை போகாது.

மறுநாள் காலை ஆறரைக்கே நிலையத்துக்குப் போய்ப் பஸ்ஸில் ஏறினேன். முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை கூடவே போனேன். தங்கராஜு ஏறியதும் லிஃப்டுப் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்டேன். பஸ் சாலை வட்டத்துக்குள் நுழைந்தபோது முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பரிமளம் கண்ணாடியில் என்னைப் பார்த்திருக்க வேண்டும். அவசரப்படாமல் வளைத்தார். பஸ் வட்டத்தைச் சுற்றி வந்து நேர்சாலையில் சேர்ந்தது. பின்னால் இரண்டு பேர் முந்தின நாள் பார்த்த தொலைக்காட்சித் தொடரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். பஸ் திரும்பியதை அவர்கள் கவனிக்கவே இல்லை.

நிலையத்தில் எல்லாரையும் இறக்கி முடித்ததும் பரிமளம் என்னிடம், "எறங்குங்கண்ணே, பஸ்ஸக் கழுவணும்" என்றார். இறங்கி நடந்தேன். முந்தின நாள் மதியத்திலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எதிர்க்கடையில் உட்கார்ந்து நான்கு ரொட்டி சானாய் சாப்பிட்டேன்.